ஈசானி மூலை மண்

ஆனி 9, திங்கள்

வேலும் மயிலும் இந்தப் பக்கத்துக்கும் காவல்.

பம்பு கம்பெனியில் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடக்கிறது. அரிசி, பருப்புக் கணக்குக்கு வேறு நோட்டு இருப்பதால் இதில் மற்றதை எழுதலாம் என்று ஆரம்பிக்கிறேன்.

காலையில் வேலுக்கு அபிஷேகம் ஆயிற்று. அபிஷேகம் பண்ணின தீர்த்தத்தைச் சாக்கடையில் விடக்கூடாது, யார் காலும் படக்கூடாது. முன்பெல்லாம் வாசல் செம்பருத்திக்கு ஊற்றுவேன். லாரி திரும்ப இடம் வேண்டும் என்று சித்திரையில் இவர் வாசல் முழுக்கக் காங்கிரீட் போட்டுவிட்டார். செடியும் போயிற்று. வீட்டை ஒட்டி எங்கள் ஃபவுண்டரி ஷெட். உள்ளே அச்சு வைக்கிற மணல் மலை மாதிரி குவிந்திருக்கிறது. அதன் ஈசானி மூலையில், இரண்டு சுவரும் சேருகிற இடத்தில், யாரும் மிதிக்க மாட்டார்கள். பூமாதேவிதானே. அங்கேதான் ஆட்கள் வருவதற்கு முன்னால் தினமும் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வருகிறேன்.

சித்திரையிலிருந்தே இவருக்கு நேரம் சரியில்லை. உருக்கின இரும்பை மணல் அச்சில் ஊற்றி ஆறவிட்டு எடுத்தால் பம்பின் உடம்பு வரும். இப்போது எடுத்துக் கடைசல் பிடித்தால் உள்ளே பட்டாணி பட்டாணியாக ஓட்டை. இன்றைக்கும் ஒரு டெம்போ நிறையத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பம்பு கம்பெனி மேனேஜர் போனில் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"நாச்சிமுத்து அண்ணா, ஆடி முடியறதுக்குள்ள கழிவை நூத்துக்கு அஞ்சுக்குக் கீழ கொண்டாங்க. இல்லீன்னா ராஜ்கோட்ல குடுத்துக்கறோம். அங்க நம்மளைவிட விலையும் கம்மி."

பம்பு கம்பெனி வேலை போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். மிச்சமிருக்கிறது கிரைண்டர் கால், எடைக்கல், சில்லறை. இவர் மதியம் சோறு பாதியில் எழுந்துவிட்டார்.

கண்ணேறுதான். நாளையிலிருந்து இரண்டு சொம்பு ஊற்றலாம் என்று இருக்கிறேன்.

ஆனி 12, வியாழன்

சிறுதொழிலுக்கு உதவுகிற அரசாங்கத் திட்டம் ஒன்றில் ஃபவுண்டரிச் சங்கத்துக்காரர்கள் எங்கள் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஃபவுண்டரிக்கே ஆள் அனுப்பி, எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்வார்களாம். கவர்மெண்ட் ஆள் என்றதும் இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஷெட்டில் நாலு வருஷமாகக் கிடந்த உடைசலையெல்லாம் என் மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டார். மாடு இல்லாததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கியது.

"சார் எப்ப வருவாருங்க?" என்றார் இவர்.

"நான்தாங்க வந்திருக்கேன். என் பேரு இளநகை."

"ஓ. ஃபைன் கீது போடுவீங்களா?"

"இல்லீங்க. என் ஃபீஸ்ல முக்கால்வாசி அரசாங்கமே கட்டிடும். எது தப்பாப் போவுதுன்னு பாத்துச் சொல்றதுதான் என் வேலை."

"அதைச் சொல்றதுக்கு வூட்லயே ஆள் இருக்குதுங்களே" என்று என்னைப் பார்த்தார். நான் மோர் எடுத்து வரப் போய்விட்டேன்.

அந்தப் பெண்ணுக்குத் திருவாரூர்ப் பக்கம். இரும்பு, செம்பு எல்லாவற்றையும் பற்றிக் காலேஜில் படித்திருக்கிறது. நெற்றியில் ஒன்றும் இல்லை. வெள்ளி, செவ்வாய் கூடவா என்று கேட்டேன். "எங்க வீட்ல பழக்கமில்லைம்மா, அப்பா கருப்புச் சட்டை" என்றது. விபூதி கொடுத்தேன். இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டது. பூசவில்லை. கீழேயும் போடவில்லை. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான் என்று இவர் சொல்லிவிட்டார்.

ஆனி 13, வெள்ளி

சாமந்தி விலை தாறுமாறு. அரளிக்கு மாறியாயிற்று. இரண்டு சொம்பு.

ஆனி 18, புதன்

அந்தப் பெண் வந்ததிலிருந்து ஷெட்டில் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புக்கட்டியால் நம்பர். எந்தக் காஸ்டிங் எந்த நேரம் ஊற்றியது, இரும்பு எத்தனை சூடு, எல்லாம் எழுதுகிறது. மணலில் ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினால் ஈரம் எவ்வளவு என்று முள் காட்டுகிறது. குவியலின் நடுவில் எடுத்துப் பார்த்து, "ஈரம் சரியாத்தானே இருக்கு" என்று நெற்றியைச் சொறிந்தது.

மேஸ்திரி தாசப்பனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. இவர் ஃபவுண்டரி ஆரம்பித்த நாள் முதல் இருக்கிற மனுஷர். மண்ணைக் கையில் பிடித்து உடைத்துப் பார்த்தே ஈரம் சொல்பவர். நெற்றி நிறையப் பட்டை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் உலையையே பற்றவைப்பார்கள்.

டீக்கு வந்தபோது பேச்சு நடந்தது.

"மேஸ்திரி, ஒண்ணு மட்டும் புரியல. கிரைண்டர் கால் நல்லா வருது. எடைக்கல் நல்லா வருது. பம்பு மட்டும் ஓட்டை. ஒரே மண்ணு, ஒரே இரும்பு, ஒரே கை. எப்படி?"

"பாப்பா, இரும்புக்கும் கண்ணு இருக்குது. யாரு வேலைன்னு பாத்துத்தான் உக்காரும்."

"அப்ப பம்பு கம்பெனி மேல இரும்புக்கு என்ன கோவம்?"

"மேனேஜரைப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியும்" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். தாசப்பன் மட்டும் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போய்த்தான் இருந்தது.

ஆனி 24, செவ்வாய்

இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது இளநகை அடுப்படிக்கே வந்துவிட்டது. இட்லித் தட்டில் ஓட்டை எதற்கு என்று என்னைக் கேட்டது.

"ஆவி மேல வர்றதுக்கு. இதென்ன கேள்வி கண்ணு?"

"ஓட்டை இல்லாட்டி?"

"வேகாது."

"எங்க வேலையும் இதேதாம்மா. அச்சுல கொதிக்கிற இரும்பை ஊத்தறோம். மண்ணுல ஈரம் கொஞ்சம் கூடினா அது ஆவியாகும். வெளிய போக வழி இல்லாட்டி இரும்புக்குள்ளயே உக்காந்துக்கும். இரும்பு ஆறினதும் அந்த எடம் ஓட்டை. பால், மாவு, சர்க்கரை மாதிரி கருகற பொருள் ஏதாவது சேந்துச்சுன்னா இன்னும் மோசம். அது தனியாப் பொகையும்."

நன்றாகப் படித்த பெண். ரசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டது.

அது சொன்னதைப் படுத்துக்கொண்டு யோசித்தேன். அது சொல்வது குழாய்த் தண்ணீர். தீர்த்தம் வேறு.

ஆனி 26, வியாழன்

திரும்பி வந்தது: ஒரு டெம்போ. மூன்று சொம்பு.

ஆடி 4, ஞாயிறு

ஆடிக் கிருத்திகை. லீவு நாள் ஆனதால் நிதானமாகச் செய்ய முடிந்தது. பால், தயிர், தேன், இளநீர், சந்தனம், பஞ்சாமிர்தம் எல்லாம். வேல் மினுமினு என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவையும் வீணாக்காமல் ஒரு குடத்தில் பிடித்து ஈசானி மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். குடம் கனம், இடுப்பு பிடித்துக்கொண்டது. அதுவும் ஒரு காவடிதான்.

இனி எல்லாம் சரியாகிவிடும்.

ஆடி 5, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று ஊற்றின பம்பில் பாதிக்குப் பாதி ஓட்டை. ஊற்றும்போதே அச்சு குபுகுபு என்று கொதித்ததாம். இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் சுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போன நேரம், இளநகை குவியல் பக்கத்தில் குத்தவைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

எறும்பு. சாரை சாரையாக ஈசானி மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஃபவுண்டரி மண்ணுல எறும்பு நான் பாத்ததே இல்லீங்க" என்று ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டது. நான் பதறிப்போனேன். "இனிக்குது" என்றது.

"கொங்கு மண்ணு அப்படித்தானுங்க" என்றார் இவர். அந்த நிலைமையிலும்.

"இல்ல சார். சில எடத்துல மண்ணு கெட்டியா நிக்கணும்னு வெல்லப்பாகு சேப்பாங்க. அளவு தெரியாம யாரோ சேக்கறாங்கன்னு நெனைக்கிறேன். அதான் பொகையுது."

யாரோ என்று எல்லோரையும் சேர்த்துத்தான் சொன்னது. ஆனால் மண் கலக்குவது ஒருவர்தான். இவர் தாசப்பனைப் பார்த்தார்.

"ஏப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சா என்ன?"

"நான் ஒண்ணும் ஊத்தலீங்க."

"அப்ப எறும்பு பொறணி பேச வந்துதா?"

தாசப்பன் தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டார். "திருட்டுத்தனமா வெல்லப்பாகு ஊத்தற ஆளுன்னா, எனக்கு இங்க என்னங்க வேலை" என்று கேட்டுவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். போகும்போது என்னை ஒரு தரம் பார்த்தார்.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஆடி 6, செவ்வாய்

தாசப்பன் வரவில்லை. அவர் இடத்தில் நிறுத்தின ஆள் வைத்த அச்சு தூக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தது. வருகிற திங்கட்கிழமை பம்பு கம்பெனிக்காக நூறு உருப்படி தனியாக ஊற்றி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வதா, ராஜ்கோட்டா என்று முடிவு பண்ணப்போகிறார்கள். தாசப்பன் இல்லாமல் அது நடக்காது. எனக்குக் கூடத் தெரியும்.

முருகன் முன்னால் பூ போட்டுக் கேட்டேன். இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தால் பேசாமல் இருந்துவிடுவது, சிவப்பு வந்தால் சொல்லிவிடுவது.

சிவப்பு வந்தது.

பொட்டலம் சரியாகக் கட்டவில்லையோ என்று மறுபடி கட்டிப் போட்டேன். சிவப்பு. மூன்றாம் முறை கேட்பது சாமிக்கு மரியாதை இல்லை.

கேட்டேன். சிவப்பு.

ஆடி 7, புதன்

மதியம் இவர் வங்கிக்குப் போயிருந்தார். இளநகைக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஏன் கண்ணு, எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க. அவங்க அபிஷேகத் தீர்த்தத்தை மண்ணுல ஊத்தறாங்கன்னு வெச்சுக்கோ. அதனால ஏதாச்சும் ஆகுமா?"

"எந்த மண்ணுல?"

"அச்சு மண்ணுலதான்."

கை சோற்றிலேயே நின்றது. "எவ்வளவு ஊத்துவாங்க அந்தம்மா?"

"ஒரு சொம்பு. மனசு சரியில்லீன்னா ரெண்டு. மூணு. கிருத்திகைன்னா ஒரு குடம்."

"தேன் சேப்பாங்களா?"

"பஞ்சாமிர்தமும்."

அந்தப் பெண் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டது. தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறது என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து நீட்டினேன். அழவில்லை.

"அந்தம்மா வீடு ரொம்பத் தூரமாம்மா?"

"பக்கந்தான்."

கொஞ்ச நேரம் கழித்துத் தெளிந்து சொன்னது. "என் மேலயும் தப்பு இருக்கும்மா. நான் நடுவுலயே மண்ணெடுத்துப் பாத்துட்டு, மூலையைப் பாக்காம விட்டுட்டேன். மேஸ்திரி மேல பழி விழுற மாதிரி வேற பேசிட்டேன். ஆனா இன்னும் கணக்கு ஒதைக்குது. மூலையில ஊத்தின தீர்த்தம் பம்புக்கு மட்டும் எப்படிப் போவுது? அதை மேஸ்திரிதான் சொல்லணும்."

"அவரை நான் பாத்துக்கறேன்" என்றேன். வாய்தான் சொன்னது.

ஆடி 8, வியாழன்

டவுன் பஸ் பிடித்துச் சரவணம்பட்டி போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அரை டஜன் வாழைப்பழம். தாசப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் சம்சாரம் ரங்கநாயகி பாய் விரித்தாள்.

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதில் ஒன்றும் வரவில்லை. "தாசப்பா, அது வெல்லப்பாகு இல்ல. நான் ஊத்தின தீர்த்தம்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியுமுங்க அம்மணி."

"தெரியுமா?"

"நீங்க சொம்போட வர்றதை மொத நாள்லயே பாத்துட்டனுங்க. வெள்ளன வந்து சாவி வாங்கறவன் நாந்தானுங்களே."

"பின்னே ஏன் சொல்லல? அன்னிக்கு அத்தனை பேரு முன்னால..."

"எதைச் சொல்றதுங்க? அம்மணிதான் ஊத்துச்சுன்னு மொதலாளிகிட்டயா? நல்லாவா இருக்கும்." ரேடியோவை அணைத்தார். "அதுவுமில்லாம, என் பங்கும் அதுல இருக்குதுங்க."

"உன் பங்கு என்ன?"

"அச்சு மேல மொதல்ல ஒரு மண்ணைச் சலிச்சுத் தூவுவோமுங்க. இரும்பு மேல நேராப் படறது அதுதான். பம்பு கம்பெனி வேலை நம்ம சோத்து வேலை. சாதா மண்ணைப் போட மனசு வரல. அந்த மூலையில சாமி தீர்த்தம் பட்ட மண்ணைத்தான் அதுக்குன்னு தனியாச் சலிச்சு வெச்சுக்குவேன். கிரைண்டர் காலுக்கெல்லாம் வெறும் மண்ணு."

நான் பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துப் பாயில் வைத்தேன்.

"ஓட்டை வர வர, இன்னும் கொஞ்சம் சேத்திச் சேத்திப் போட்டனுங்க" என்றார்.

"நானும் இன்னொரு சொம்பு, இன்னொரு சொம்புன்னு..."

ரங்கநாயகி காப்பி டம்ளரை வைத்தாள். "அந்த முருகன் எத்தனை தடவை வேண்டாம் வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கான். டெம்போ டெம்போவா. ரெண்டு பேருக்கும் உறைக்கல" என்றாள்.

அவள் எப்போதுமே கொஞ்சம் வாய்.

தாசப்பன் வர ஒப்புக்கொண்டார். ஆனால் முதலாளி வந்து கூப்பிட வேண்டும். அம்மணி பெயர் வெளியே வரக்கூடாது. இரண்டும் அவர் போட்ட கண்டிஷன். இரண்டாவதை நான் மறுத்துப் பேசவில்லை.

ஆடி 9, வெள்ளி

இவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னேன். "தாசப்பன் மண்ணுல ஒண்ணும் ஊத்தலீங்க. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முருகன்கிட்டப் பூ போட்டுக் கேட்டேன்."

"என்ன வந்துது?"

"மூணு தடவையும் சிவப்பு."

அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

சாயங்காலம் தாசப்பனை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டு பேர் வாயிலும் பேக்கரி தேங்காய் பன் வாசனை வந்தது.

ஆடி 11, ஞாயிறு

ஈசானி மூலை மண்ணை முழுவதும் வாரி வெளியே கொட்டியாயிற்று. இளநகை நின்று பார்த்தது. இனிப்பு எப்படி வந்தது என்று இவர் கேட்டதற்கு, "வாரிக் கொட்டிட்டாப் போதும் சார்" என்று முடித்துவிட்டது. எறும்புக்குத் தொந்தரவுதான். தீர்த்தத்தை இனி வாளியில் பிடித்து, கோயில் நந்தவனத்துக்குக் கொண்டுபோகிறேன். குருக்கள் சரி என்றுவிட்டார்.

ஆடி 12, திங்கள்

நூறு உருப்படி ஊற்றினார்கள். நான் ஷெட் வாசலிலேயே நின்றேன். இரும்பு ஊற்றுவதை நின்று பார்ப்பது இத்தனை நாளில் முதல் தடவை.

தாசப்பன் சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு அச்சுப் பெட்டி முன்னால் அப்படியே நின்றார். "வெறும் மண்ணுங்க. கை கூசுது" என்றார் மெதுவாக. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாமியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தின மாதிரி.

இளநகை தன் பையைத் திறந்தது. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நீட்டியது. அன்றைக்கு நான் கொடுத்த விபூதி.

"நெத்தியில பூசிக்கங்க மேஸ்திரி. இது காய்ஞ்சதுதான். ஒரு சொட்டு ஈரம் இல்ல."

"மண்ணுலயும் ஒரு சிட்டிகை..."

"நெத்தியில மட்டும்."

பூசிக்கொண்டார். வேலை ஓடியது. இரும்பு அச்சில் இறங்கும்போது சத்தமே இல்லை. குபுகுபு இல்லை. எண்ணெய் ஊற்றுகிற மாதிரி போயிற்று.

ஆடி 15, வியாழன்

கம்பெனியில் கடைசல் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். நூற்றில் மூன்றுதான் கழிவு. மேனேஜரே போன் பண்ணினார். வேலை இங்கேயே இருக்கும், தையிலிருந்து இன்னும் கொஞ்சம் சேர்த்தும் தருவார்களாம். ராஜ்கோட் பேச்சு இல்லை.

இவர் நேராகப் பூஜை அறைக்கு வந்து விழுந்து கும்பிட்டார். எழுந்து, "மயிலு, எல்லாம் உன் பூஜைதான்" என்றார்.

பருப்பு தீய்ந்துவிடும் என்று எழுந்தேன். இந்த முறை அடுப்பில் நிஜமாகவே பருப்பு இருந்தது.

ஆடி 25, ஞாயிறு

திட்டத்தில் சேர்ந்த ஃபவுண்டரிக்காரர்கள் எல்லோருக்கும் சங்கத்து மண்டபத்தில் கூட்டம். வீட்டாரோடு வரச் சொல்லியிருந்தார்கள். பம்பு கம்பெனி மேனேஜரும் வந்திருந்தார். பட்டுப் புடவை.

இளநகை திரையில் படம் போட்டு விளக்கியது. எங்கள் ஃபவுண்டரி வந்தபோது, 'மணலில் வெளியிலிருந்து சேர்ந்த ஈரம் நிறுத்தப்பட்டது' என்று ஒரே வரி. எங்கிருந்து என்று ஒருவர் எழுந்து கேட்டார். "மேலேர்ந்து" என்றது. ஷெட் கூரை ஒழுக்கு என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு இவரைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். திட்டத்துக்கு நன்றி, அதிகாரிகளுக்கு நன்றி, பாப்பாவுக்கு நன்றி, மேஸ்திரிக்கு நன்றி எல்லாம் சொல்லி முடித்து, "ஆனா உண்மையாச் சொல்றேனுங்க. இந்த வெற்றிக்குக் காரணம் என் சம்சாரம் செஞ்ச பூஜை" என்றார். நான் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் தாசப்பனுக்குப் புரையேறியது. முதலில் கை தட்டினது இளநகைதான்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை தெய்வானை அக்கா. நாலு தெரு தள்ளி அவர்கள் ஃபவுண்டரி. அங்கேயும் மூன்று மாதமாக வருகிறதெல்லாம் ஓட்டையாம். இளநகை அடுத்த வாரம் அவர்களிடம் போகிறதாம். அக்கா பாயசத்தைத் தொடவே இல்லை. என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மயிலு, மறைக்காமச் சொல்லு. என்ன பூஜை பண்ணினே? நானும் வெள்ளி, செவ்வாய் தவறாம அபிஷேகம் பண்றேன். இப்பெல்லாம் ரெட்டிப்பாவே பண்றேன். ஒண்ணும் வேலைக்காகலியே."

இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கினேன். சுற்றிலும் பார்த்தேன். இவர் அந்தக் கோடியில் மேனேஜரோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"பூஜை இருக்கட்டுங்கக்கா. அபிஷேகம் முடிஞ்சதும் தீர்த்தத்தை எங்க கொண்டுபோய் ஊத்தறீங்க?"

அக்காவின் கை சாம்பாரிலேயே நின்றுவிட்டது.

"ஏன் கேக்கறே?" என்றாள்.